பழைய படங்களின் உரிமை எப்போது முடிகிறது?

மலேசியாவில் கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு மண்டபத்தில் மூத்தோருக்காகத் ‘திருவிளையாடல்’ படத்தைத் திரையிட நினைக்கும் சங்கங்கள் உண்டு. அறுபது ஆண்டு ஆன படம், இனி எல்லாருக்கும் பொதுதானே என்று சிலர் சொல்வார்கள். சொந்தக்காரர் கேஸ் போடுவார் என்று சிலர் பயப்படுவார்கள். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது.

முதலில் ஒன்று: படத்தை எந்த நாட்டில் காட்டுகிறோமோ, அந்த நாட்டுச் சட்டம்தான் செல்லும். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் படத்துக்கு 50 ஆண்டு தருகிறது. வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 முதல் எண்ண வேண்டும். திருவிளையாடல் வந்தது 1965இல். இங்கே 2015 கடைசியோடு படத்தின் உரிமை முடிந்தது. இந்தியாவில் 60 ஆண்டு என்பதால் 2025 டிசம்பர் 31 வரை நீடித்தது. 1966இல் வந்த ‘அன்பே வா’வுக்கு அங்கே 2026 முடியும்வரை உரிமை உண்டு; இங்கே 2016லேயே முடிந்துவிட்டது.

அமெரிக்காவில் கணக்கே வேறு. அக்காலப் படங்களுக்கு அங்கே 95 ஆண்டு. 1996 தொடக்கத்தில் தாய்நாட்டில் உரிமையோடு இருந்த வெளிநாட்டுப் படங்களுக்கும் அது பொருந்தும். ஆகவே திருவிளையாடலுக்கு 2060 முடியும்வரை உரிமை. மண்டபத்தில் தடையில்லாத படத்தை யூடியூபில் ஏற்றினால் சிக்கல் வருவது இதனால்தான்.

அடுத்தது பாட்டு. படத்தின் உரிமை முடிந்தாலும் பாட்டின் உரிமை தனியாக ஓடும். மலேசியாவில் அது படைத்தவர் இறந்த பிறகு 50 ஆண்டு. திருவிளையாடலின் பாடலாசிரியர் கண்ணதாசன் மறைந்தது 1981இல். அவர் வரிகளுக்கு 2031 முடியும்வரை. இசையமைப்பாளர் கே.வி. மகாதேவன் மறைந்தது 2001இல். அவர் இசைக்கு 2051 முடியும்வரை. பொது நிகழ்ச்சியில் இசை ஒலிப்பதற்கான அனுமதியை இசைப் படைப்பாளர்களின் உரிமை அமைப்பான எம்.ஏ.சி.பி.யிடம் விசாரிக்கலாம். புதிதாகச் சேர்த்த மலாய், ஆங்கில வசன வரிகளும் மொழிபெயர்த்தவரின் தனிப் படைப்பே.

உரிமை முடிந்த படமானாலும் பொதுவில் காட்டத் திரைப்படத் தணிக்கை வாரியத்தின் ஒப்புதல் வேண்டும்.

காலக்கெடு வைத்ததே, படைத்தவர் பலன் பெற்ற பிறகு படைப்பு மக்களிடம் சேரட்டும் என்பதற்காகத்தான். சங்கத்துச் செயலாளர்கள் வெளியான ஆண்டு, பாட்டு உரிமை, வசன வரிகளின் உரிமை, தணிக்கை ஒப்புதல் நான்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன்பின் நம் மூத்தோருக்குப் படம் காட்டப் பயப்படத் தேவையில்லை.