உங்களுக்குத் தெரியுமா? யாரும் பார்ப்பதற்காகச் செய்யப்படாத சிலை

கலை என்றால் அதைப் பார்க்க ஆள் வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். எகிப்தின் சக்காராவில், ஏறத்தாழ 4,600 ஆண்டுகளுக்கு முன் மன்னர் ஜோசருக்காகச் செதுக்கிய சுண்ணாம்புக்கல் சிலை அந்த நினைப்பை அசைத்துவிடுகிறது. படிக்கட்டுப் பிரமிடின் வடபுறம் ஒரு சின்னஞ்சிறு கல் அறையில் சிலையை உட்காரவைத்து, வாசல் இல்லாமல் அடைத்துவிட்டார்கள். சுவரில் விட்டது இரண்டு துளைகள் மட்டும். நாம் உள்ளே எட்டிப் பார்ப்பதற்காக அல்ல, சிலை வெளியே பார்ப்பதற்காக. உடல் அழிந்தாலும் மன்னரின் உயிராற்றல் தங்க ஓர் உடம்பு வேண்டும். சிலையின் வேலை அதுதான். சிற்பியைக் குறித்த பண்டை எகிப்தியச் சொல் ஒன்றுக்கே 'உயிர் தருபவன்' என்றுதான் பொருள்.

கல்லறைகளின் மேலறைகளில் உறவினர் வந்து படையலிட்டார்களே, அங்கிருந்த ஓவியங்கள் மனிதக் கண்ணுக்கும்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அவற்றை வந்தவர்கள் பார்த்தார்கள். ஆனால் அழகுக்குப் பார்வையாளர் கட்டாயம் என்றால், எகிப்திய மன்னர் துட்டன்காமனின் சுமார் 10 கிலோ எடையுள்ள தங்க முகமூடியை அத்தனை நுணுக்கமாகச் செய்து, மூன்று சவப்பெட்டிகளுக்குள் ஏன் புதைக்க வேண்டும்? 1922இல் கல்லறை கண்டுபிடிக்கப்படும்வரை, 3,000 ஆண்டுகளுக்கு மேல் அது இருட்டில்தான் கிடந்தது. பார்வையாளருக்காக அல்லாமல் இறந்தவருக்காக இருப்பது என்ற அந்தப் பழைய வேலை இன்றும் முற்றாக மறைந்துவிடவில்லை: இறந்தவரின் படத்துக்கு மாலையிட்டு விளக்கேற்றும் வீட்டில், படம் நன்றாக வந்திருக்கிறதா என்று எவரும் ஆராய்வதில்லை. ஜோசரின் அசல் சிலை இப்போது அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சக்காராவில் நகல்தான், பயணிகள் அந்தத் துளைகளில் கண் வைத்து உள்ளே பார்க்கிறார்கள்.