அறுபது அடிக்கு ஒரு தெரு

நாலா பக்கமும் மனை போட்டு ஊர் நீண்டுகொண்டே போகிறது. ஆரணியில் பாவு நீட்டத்தான் இடமில்லை!

விடிகாலை ஐந்தரை மணி. ஆரணியின் பழைய நெசவாளர் தெரு ஒன்றில், இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக அரக்குச் சிவப்பில் ஒரு பாவு இழுத்துக் கட்டியிருக்கிறது. தறியில் ஏற்றப்போகும் ஆயிரக்கணக்கான நீளவாட்டுப் பட்டு இழைகள், இடையிடையே தாங்கிப் பிடிக்கக் கோல்கள். வீட்டுக்காரர், அவர் மனைவி, மைத்துனர், பக்கத்து வீட்டுப் பெரியவர் என நாலு பேர் இரு பக்கமும் நின்று கஞ்சி தெளிக்கிறார்கள். அறுந்த இழையை விரல் நுனியால் தேடிப் பிணைக்கிறார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். சூடு பட்டால் இழை காய்ந்து அறும்.

ஒரு பைக் வருகிறது. இரண்டு பேர் பாவைத் தூக்கிப் பிடிக்க, ஓட்டுபவர் தலையைக் குனிந்து அடியில் புகுந்து போகிறார். அடுத்து பால் வண்டி. அதற்கும் வழி கிடைத்துவிட்டது. மூன்றாவதாக ஸ்கூல் வேன் வந்து ஹாரன் அடித்தது. வேனுக்குக் குனியத் தெரியாதே!

“முன்னல்லாம் எட்டு மணி வரைக்கும் தெரு நம்மளுது சார். இப்ப ஆறரைக்கே புது நகருக்குப் போற வேன் எல்லாம் இப்படித்தான் பூந்து போவுது” என்றபடியே பாவைச் சுருட்டத் தொடங்கினார் வீட்டுக்காரர். கஞ்சி இன்னும் காயவில்லை.

ஊர் பெருத்தால் என்ன ஆகும் என்பதற்குப் புள்ளிவிவரம் தேடி வந்தவனுக்கு, அந்த ஈரப் பாவே போதுமானதாக இருந்தது.

எல்லைக்கு வெளியே ஓர் ஊர்

2011 கணக்கெடுப்பில் ஆரணி நகராட்சியின் மக்கள்தொகை 63,671. கணக்கு நகராட்சி எல்லையோடு நின்றுவிடுகிறது. வீடுகள் நிற்கவில்லை. சேவூர் பக்கமும் இரும்பேடு பக்கமும் போய்ப் பாருங்கள். நேற்று நாற்று நட்ட வயலில் இன்று வெள்ளையடித்த எல்லைக் கல் நிற்கிறது. தென்னை ஓலை வளைவு, கொடித் தோரணம், ‘பேருந்து நிலையத்திலிருந்து பத்தே நிமிடம்’ என்ற போர்டு. நகரின் பெயரில் ஏதாவது ஒரு சாமி.

ஆரணிக்குள் ரயில் வராது. ‘ஆரணி ரோடு’ என்ற ஸ்டேஷன் இருப்பதே களம்பூரில்தான். அதனால் வேலூர், ஆற்காடு, செய்யாறு, வந்தவாசி, போளூர் என்று போகும் சாலைகளைப் பிடித்துக்கொண்டு, சிலந்திக் கால் போல ஊர் நீண்டது. செய்யாறு சிப்காட்டில் மாதச் சம்பளம் கிடைக்கிறது. கம்பெனி பஸ் ஊர் ஊராக வந்து ஏற்றிப் போகிறது. தறியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அதில் ஏறிவிட்டார்கள். நெல்லுக்குக் கட்டுப்படியாகவில்லை என்று நிலத்துக்காரர் சலித்துக்கொள்ளும் நேரத்தில், புரோக்கர் சென்ட் கணக்கில் விலை பேசுகிறார். அரிசி ஆலையிலும் பட்டுக் கடையிலும் சேர்ந்த காசுக்கு மண்ணைவிடப் பத்திரமான பெட்டி வேறில்லை என்பது ஊர்க்காரர்கள் சொல்லும் காரணம்.

ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியை பார்பரா ஹாரிஸ்-வைட் 1973 முதல் திரும்பத் திரும்ப வந்து ஆராய்ந்த ஊர் இது. அந்த நாற்பதாண்டுக் கதை 2016-ல் புத்தகமாகவே வந்துவிட்டது. அதே 2016 செப்டம்பரில்தான் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. மறு வருஷம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைகளுக்குக் கட்டணம் கட்டி வழி பிறந்தது. மனைக்குத்தான் வழி பிறந்தது. மனையாகிப்போன வயலுக்கும் வாய்க்காலுக்கும் ஏது வரன்முறை?

தறிக்குழியில் ஊற்று

ஏரி, மதகு, வாய்க்கால், ஆயக்கட்டு, கலங்கல், அடுத்த ஏரி. வட ஆற்காட்டு மண்ணின் தண்ணீர்க் கணக்கு இந்தச் சங்கிலிதான். ஆயக்கட்டு மனையானதும் மதகைத் திறக்க ஆளில்லை. வாய்க்கால் ‘23 அடி ரோடு’ ஆகிறது. ஐப்பசி கார்த்திகையில் ஏரி நிரம்பினால் தண்ணீர் தன் பழைய பாதையைத் தேடி வருகிறது. அங்கே இப்போது நடுவீடு இருக்கிறது.

மற்றவர் வீட்டில் முற்றத்தோடு போகும் தண்ணீர், நெசவாளி வீட்டில் தறிக்குழிக்குள் ஊறும். நெசவாளி கால் தொங்கப்போட்டு மிதிக்கும் குழி அது. வீடு முழுக்கக் காய்ந்த பிறகும் குழி மட்டும் காயாது. பாலாற்றில் பெருவெள்ளம் போன 2021 நவம்பரைப் போல ஒரு மழை வந்தால், தறி ஓடாத நாளெல்லாம் கூலி இல்லாத நாள்தான்.

கோடையில் நேர் எதிர். ஜவ்வாது மலையிலிருந்து வரும் கமண்டல நாகநதி பல மாதங்கள் வெறும் மணலாகக் கிடக்கிறது. புது நகரில் வீட்டுக்கு ஒரு போர்வெல். பட்டுக்கும் நல்ல தண்ணீர் வேண்டும். கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு பசைதான். சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சி அதை எடுத்தால்தான் பட்டுக்கு மினுமினுப்பு வரும், சாயம் சமமாகப் பிடிக்கும். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. “ஆழம் போகப் போக உப்பு. ஒரு கட்டி போட்ட இடத்துல ரெண்டு கட்டி போடறோம் தம்பி” என்கிறார் ஒரு சாயப்பட்டறைக்காரர். காய்ச்சிய கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்டேன். தெருக்கோடியைக் கைகாட்டினார். பழியை முழுக்கப் புது நகர் மேலேயே போட்டுவிட முடியாதுதான்.

வெயிலும் கூடித்தான் போனது. வேம்பும் புங்கனும் நின்ற இடத்தில் கான்கிரீட். ஈரப்பதம் குறைந்தால் பட்டு இழை படபடவென்று அறும். புவிசார் குறியீடு வாங்கிய ஆரணிப் பட்டுக்கு, ஆரணியின் காற்றே ஒத்துழைக்க மறுக்கிறது.

“ஊர்னா வளரத்தான் செய்யும், வாடகை வீட்லயே காலம் தள்ளணுமா?” என்று மனை விற்பவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

இருபதுக்கு முப்பது

என் கவலை வேறு. ஒரு சேலை, ரவிக்கைத் துணியோடு ஆறேகால் மீட்டர். மூன்று சேலைப் பாவு என்றால் அறுபது அடியைத் தாண்டும். பழைய நெசவாளர் தெருக்கள் நேராக, நீளமாக இருப்பது அழகுக்காக அல்ல. தெருவும் ஒரு தறிச் சாமான். புது நகரில் நெசவாளிக்குக் கட்டுப்படியாகும் மனையோ இருபதுக்கு முப்பது அடி. பாவின் பாதி நீளம்கூட இல்லை! தெருவில் நீட்டலாம் என்றால் நிழலுக்கு மரமில்லை, தெரு முக்குக்கு முக்கு திரும்புகிறது.

காலையில் பாவைச் சுருட்டியவரும் அப்படியொரு மனையை வாங்கித் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். “அங்க குடி போனா பாவு எங்கே போடுவீங்க?” என்றேன். “இங்கதான் வரணும். சுருட்டிப் பைக்ல வெச்சிக்கினு வர்றதுதான்.”

சாயங்காலம் மனையைக் காட்டக் கூட்டிப் போனார். 3,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவு என்றால், சாலை போக மிச்சத்தில் பத்து சதவீதத்தைப் பொது இடமாக ஒதுக்க வேண்டும் என்பது விதி. அவருடைய வரைபடத்திலும் பச்சையாக ஒரு பட்டை இருந்தது. நேரில் அது ஜல்லிக் குவியலும் சீமைக் கருவேலமும்.

குவியலைச் சுற்றிக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அடி மேல் அடி வைத்து அளந்தார். எழுபது அடி. திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “வரிசையா நாலு வேப்பங்கன்னு வெச்சா போதும் சார்.”