வட்டுக்கோட்டைச் செமினரியும் எமது பிள்ளைகளின் படிப்பும்

தனியார் பாடசாலை என்றதும் எம்மில் பலருக்குக் கழுத்துப்பட்டியும் சப்பாத்தும் ஆங்கிலப் பேச்சுமே நினைவுக்கு வருகின்றன. காலபோக நெல்லை விற்ற கையோடு, "பிள்ளையைக் காசு கட்டிப் படிப்பிப்பதா, ஊர்ப் பாடசாலையிலேயே விடுவதா?" என்று ஜெயபுரம் போன்ற இடங்களிலும் பெற்றோர் யோசிக்கிறார்கள். பல தடவை இடம்பெயர்ந்து, வீடும் மாடும் கைவிட்டுப் போனவர்களுக்கு, எங்கு ஓடினாலும் கூடவே வரக்கூடிய சொத்து படிப்பு ஒன்றுதான். ஆகவே இது சின்னக் கேள்வியல்ல. கட்டணத்தைப் பற்றிப் பேசுமுன், நல்ல தனியார் பாடசாலை ஒன்று எதனால் நல்லதாயிற்று என்று பார்ப்போம். அதற்கு வெகுதூரம் போகத் தேவையில்லை. கடல்நீரேரிக்கு அப்பால் வட்டுக்கோட்டைக்குப் போனால் போதும்.

1823ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரிமார் அங்கே ஒரு உயர்கல்விக் கூடத்தைத் தொடங்கினார்கள். வட்டுக்கோட்டைச் செமினரி என்பது அதன் பெயர். முதல் அதிபர் டானியல் பூவர். கிராமங்களில் படித்துத் தேறிய பையன்களைச் சேர்த்து, விடுதியில் வைத்து, ஆரம்ப காலத்தில் சோறும் உடுப்பும் புத்தகமும் இலவசமாகவே கொடுத்தார்கள். அமெரிக்காவிலிருந்த கொடையாளர்கள் பணம் அனுப்பினர். அனுப்பியவர் விரும்பிய பெயரைப் பையனுக்குச் சூட்டும் வழக்கமும் இருந்தது. கறோல் விசுவநாதபிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை என்ற பெயர்கள் அப்படி வந்தவைதான். பிறர் காசில் படித்தால் பெயர்கூட முழுதாய் மிஞ்சாது போலும்!

அங்கே ஆங்கிலம் படிப்பித்தார்கள் என்பதை எல்லாரும் சொல்வார்கள். தமிழையும் அதே அக்கறையோடு படிப்பித்தார்கள் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். கணிதம், வானசாஸ்திரம், தமிழ் இலக்கணம், இலக்கியம் யாவும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. சொன்னதை நம்பு என்பதோடு நில்லாமல், கணக்குப் பார், பிறகு கண்ணாலும் பார் என்பது அங்கிருந்த முறை. 1829 மார்ச்சில் சந்திரகிரகணம் வரவிருந்தது. அராலியைச் சேர்ந்த விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்புக்கும் பூவரின் கணிப்புக்கும் வித்தியாசம் இருந்தது. கிரகண இரவில் எல்லாரும் வானத்தைப் பார்த்திருக்க, பூவரின் கணக்கே பொருந்தி வந்தது. இதை வெறும் வெற்றிக் கதையாகச் சொல்வோர் உண்டு. ஆனால் சாஸ்திரியாரின் கணித மரபையும் செமினரியில் பாடமாகப் படித்தார்கள் என்பதே எமக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஊரில் ஏற்கெனவே இருந்த அறிவை அவர்கள் குப்பையில் போட்டுவிடவில்லை.

1841இல் தொடங்கிய 'உதயதாரகை' பத்திரிகையை நடத்தியவர்கள் அங்கே படித்தவர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை பின்னாளில் பழைய ஏடுகளைத் தேடிப் பதிப்பித்து, அழிய இருந்த தமிழ் நூல்களைக் காப்பாற்றினார்.

குறையும் இருந்தது. மாணவரில் பெரும்பாலோர் வேளாளக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களின் வயலில் கூலிக்கு நின்றவர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு இலகுவில் திறக்கவில்லை. எந்தப் பாடசாலையைப் புகழும்போதும் வாசலுக்கு வெளியே நின்றவர் யார் என்றும் கேட்க வேண்டும்.

1855இல் செமினரி மூடப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்து பார்வையிட்ட சபைத் தலைவர்கள், ஆங்கிலம் கற்ற இளைஞர்கள் அரசாங்க உத்தியோகம் தேடிப் போகிறார்கள், ஊருக்குப் பயன்படுகிறார்கள் இல்லை என்று கருதினார்கள். மூடியது பிழை என்பதே எமது எண்ணம். அதே இடத்தில் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழும்புவதற்கு ஊர் மக்களின் விருப்பமே பெரிய காரணம். ஆயினும் அவர்கள் எழுப்பிய கேள்வி இன்றும் எமது வளவுக்குள் நிற்கிறது. படித்த பிள்ளை வயலுக்கு வருமா? வராவிட்டாலும் ஊருக்கு உதவுமா?

அதே மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இதற்கு வேறொரு விடை கண்டார். ஆங்கிலத்தில் வைத்தியம் படித்தவர்கள் உத்தியோகத்துக்குப் போய்விடுவதைக் கண்டு, 1860களில் தமிழிலேயே மேலைநாட்டு வைத்தியத்தைப் படிப்பித்தார். அதற்கென வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கினார். கிராமத்தில் நின்று வைத்தியம் பார்க்கும் ஆட்களே அவருக்குத் தேவைப்பட்டார்கள். மிஷனுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்ற ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, தாமே பாலபாடங்களை எழுதி அச்சிட்டார். சமயத்தில் இவர்கள் ஒத்துப்போகவில்லை. பிள்ளைக்கு விளங்கும் மொழியில் நல்ல புத்தகம் வேண்டும் என்பதில் ஒத்துப்போனார்கள்.

இனி எமது விடயத்துக்கு வருவோம். இன்று 'சர்வதேசப் பாடசாலை' என்ற பெயரில் நடப்பவை பெரும்பாலும் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவானவை. கல்வி அமைச்சின் பாடசாலைகள் அல்ல. அரசாங்கம் 1980 முதல் கொடுத்துவரும் இலவசப் பாடப்புத்தகமும், 1993 முதல் கொடுத்துவரும் சீருடையும் அங்கே எதிர்பார்க்க முடியாதவை. எனவே மாதக் கட்டணத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். புத்தகம், உடுப்பு, பஸ் செலவு, பரீட்சைக் கட்டணம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். ஒரு போகம் தண்ணீர் இல்லாமல் பிழைத்தால் அந்த வருடம் பிள்ளையை எங்கே விடுவது என்றும் யோசியுங்கள். நடுவில் நிற்பாட்டி மொழிமூலத்தை மாற்றினால், அந்தப் பிள்ளை இரண்டு மொழியிலும் தடுமாறும்.

சேர்க்கப் போகும் இடத்தில் ஆசிரியர் எத்தனை வருடம் நிலையாக நிற்கிறார், பிள்ளைகள் கையில் எடுத்து வாசிக்கப் புத்தகம் உண்டா, தமிழை யார் படிப்பிக்கிறார், செய்து பார்த்துப் படிக்க வாய்ப்பு உண்டா என்று விசாரியுங்கள். கட்டடத்தின் வர்ணத்தைப் பிறகு பார்க்கலாம்.

இதே கேள்விகளை ஊர்ப் பாடசாலையிலும் கேட்கலாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் சிரமதானத்துக்கு மாத்திரம் உரியதல்ல. கணித ஆசிரியர் இல்லாத தவணையில் எழுந்து நின்று பேச வேண்டிய இடமும் அதுவே. பேசியதைக் கூட்டக் குறிப்பில் எழுதுவித்து, அதன் பிரதியொன்றை வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.