அறுந்த கம்பிகள் சொன்ன வேகம்

தந்தி இலாகாவில் வேலை பார்த்தவன் நான். லைன் போய்விட்டால், ரிப்பேருக்கு ஆள் கிளம்புவதற்கு முன்பே எத்தனை மணிக்குப் போனது என்று எழுதிவிடுவோம். அதனால்தானோ என்னவோ, 1929 நவம்பர் 18 அன்று அட்லாண்டிக் கடலடியில் 12 கேபிள்கள் அறுந்த விவகாரம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அன்று மாலை நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே 7.2 அளவில் நிலநடுக்கம். தொடர்ந்து வந்த சுனாமியில் புரின் தீபகற்பத்தில் 28 பேர் மாண்டார்கள். நடுக்கத்துக்கு அருகில் இருந்த கேபிள்கள் உடனே போயின, அதில் அதிசயமில்லை. தெற்கே ஆழத்தில் கிடந்தவையோ வரிசை தப்பாமல், ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. முதலாவது 59 நிமிடம் கழித்து. கடைசி 13 மணி 17 நிமிடம் கழித்து! விடிய விடிய எது நகர்ந்துபோய் அறுத்தது?

கடலடிப் பாறை பிளந்திருக்கும் என்று பலர் எண்ணினார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புரூஸ் ஹீசனும் மாரிஸ் யூயிங்கும் 1952-ல் கேபிள்களுக்கு இடையிலான தூரத்தை அறுந்த நேரத்தோடு பொருத்திப் பார்த்தார்கள். சரிவில் பெயர்ந்த மண்தான், நீரோடு கலந்து, தொடக்கத்தில் மணிக்கு 100 கி.மீ. அளவில் பாய்ந்திருக்கிறது. பின்னால் வந்தவர்கள் அதை 65, 70 என்று குறைத்தார்கள். அதுவே பஸ் வேகம், தண்ணீருக்கடியில்!

சூட்சுமம் எளிது. சேறு கலந்த நீர் தெளிந்த நீரைவிட கனம்; சரிவில் அடியோடு அடியாக இறங்கும். போகிற வழியில் தரையைச் சுரண்டிச் சேர்த்துக்கொண்டால் கனம் கூடும், வேகமும் கூடும். இப்படித்தான் கடலடியில் பள்ளத்தாக்குகள் அறுபடுகின்றன. சமவெளி வந்து வேகம் தளர்ந்ததும் முதலில் பருமணல் படியும், பிறகு நுண்மணல், கடைசியாகக் களி. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் இப்படி ஓர் அடுக்கு.

நிலநடுக்கம்தான் வேண்டும் என்றில்லை. 2020 ஜனவரியில் காங்கோ ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பால் கிளம்பிய பாய்ச்சல், 1,100 கி.மீ.க்கு மேல் ஓடி இரண்டு கேபிள்களை அறுத்தது. போகப்போக அதன் வேகம் ஏறியதுதான் விசேஷம்.

நம் பக்கமும் உண்டு. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவரும் மண் இப்படியே வங்காள விரிகுடாவில் இறங்கி, சுமார் 3,000 கி.மீ. நீளத்துக்கு விரிந்து, சென்னைக்கும் இலங்கைக்கும் கிழக்கே கடந்து, பூமத்திய ரேகைக்கும் தெற்கே போயிருக்கிறது. உலகின் மிகப்பெரிய கடலடி வண்டல் விசிறி இதுதான். 2015-ல் இலங்கைக்குக் கிழக்கே, மூன்றரை கி.மீ.க்கும் அதிக ஆழத்தில் துளையிட்டவர்களுக்குக் கிடைத்தது இமயமலையின் அபிரகம் கலந்த மணல்.