லித்தியம் மாத்திரையும் முதுமையும்: நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

இருதுருவக் கோளாறு உள்ளவர்களின் மனநிலை இரு எல்லைகளுக்கும் மாறும். சில காலம் அளவுக்கு மீறிய உற்சாகமும் தூக்கக் குறைவும் இருக்கும். வேறு சில காலம் ஆழ்ந்த மனச்சோர்வு வாட்டும். இந்த ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தப் பலருக்கும் லித்தியம் மாத்திரை கொடுக்கப்படுகிறது.

நீங்கள் பல ஆண்டுகளாக லித்தியம் உட்கொண்டு நலமாக இருக்கலாம். ஆனால், வயது கூடக்கூட அதே அளவு மாத்திரை உங்கள் உடலுக்கு அதிகமாகிவிடக்கூடும்.

ஏன் இப்படி ஆகிறது?

லித்தியம் சிறுநீரகங்களின் வழியாகவே வெளியேறுகிறது. முதுமையில் சிறுநீரகங்கள் மெதுவாக இயங்குவதால், மருந்து இரத்தத்தில் தேங்குகிறது. உடலில் நீரோ உப்போ குறைந்தாலும் அதன் அளவு உயரும்.

எவற்றில் கவனம் தேவை?

• தண்ணீர்: தாகம் எடுக்காவிட்டாலும் நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் குடியுங்கள். இதய நோயோ சிறுநீரக நோயோ இருந்தால், எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.
• உப்பு: இரத்த அழுத்தத்திற்காக உப்பைத் திடீரென்று குறைக்காதீர்கள். முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள்.
• விரதம்: தைப்பூசம், புரட்டாசி, ரமலான் போன்ற காலங்களில் விரதம் இருக்க விரும்பினால், முன்கூட்டியே மருத்துவரைக் கலந்து பேசுங்கள்.
• வலி மாத்திரை: முழங்கால் வலிக்காக ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை நீங்களாகவே வாங்கிச் சாப்பிடாதீர்கள். அவை லித்தியம் அளவை உயர்த்தும். எது ஏற்றது என்று மருந்தாளரிடம் கேளுங்கள்.
• இரத்த அழுத்த மருந்து: சில வகைகள் லித்தியத்தைத் தேங்கச் செய்யும். பலதுறை மருந்தகத்திற்குச் செல்லும்போது, நீங்கள் லித்தியம் எடுப்பதை மறவாமல் தெரிவியுங்கள்.

இரத்தப் பரிசோதனை

லித்தியம் அளவையும் சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் செயல்பாட்டையும் மருத்துவர் குறிப்பிடும் இடைவெளியில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கடைசியாக மாத்திரை எடுத்து 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும். உதாரணமாக, இரவு 9 மணிக்கு மாத்திரை எடுத்தால், மறுநாள் காலை 9 மணிக்கு இரத்தம் கொடுக்கலாம்.

“வயதாகிவிட்டது” என்று விட்டுவிடாதீர்கள்

லித்தியம் அதிகமானால் பின்வரும் அறிகுறிகள் தோன்றலாம்:

• கைகள் முன்பைவிட அதிகமாக நடுங்குதல்
• வாந்தி, வயிற்றுப்போக்கு
• நடையில் தள்ளாட்டம்
• பேச்சுக் குழறல்
• குழப்பம், அளவுக்கு மீறிய தூக்க மயக்கம்

தள்ளாட்டத்தையும் குழப்பத்தையும் முதுமையின் இயல்பு என்று குடும்பத்தினர் நினைத்துவிடக்கூடும். இந்த அறிகுறிகள் தென்பட்டால், அடுத்த மாத்திரையை எடுக்காமல் உடனே மருத்துவ உதவி நாடுங்கள். குழப்பம், பேச்சுக் குழறல், மயக்கம் இருந்தால் 995ஐ அழையுங்கள்.

மருந்தை நீங்களாகவே நிறுத்தாதீர்கள்

நலமாக இருக்கிறோம் என்று எண்ணி லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால், நோய் மீண்டும் தலைதூக்கலாம். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் அளவைக் குறைக்கலாம் அல்லது வேறு மருந்துக்கு மாற்றலாம்.

இந்தக் கையேட்டை உங்கள் பிள்ளைகளிடமோ பராமரிப்பாளரிடமோ காட்டுங்கள். தூக்கம் குறைவதும் பேச்சு வேகமாவதும் நோய் திரும்புவதன் முதல் அறிகுறிகளாக இருக்கலாம். உங்களுக்கு முன்பே அவர்கள் அதைக் கவனிக்கக்கூடும்.

மனநல ஆலோசனைக்கு 1771 என்ற எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம்.