புறமுற்றத்தில் கல்லும் புல்லும்

பாறசாலையைச் சுற்றியும் நெய்யாற்றின்கரைக்குத் தெற்கேயும் உள்ள ஊர்களில் வீட்டு முற்றத்தின் தோற்றம் சில ஆண்டுகளாக மாறி வருகிறது. செம்மண் தரை மறைகிறது. அதன் இடத்தில் பதிகல்லும், கல்லுக்கு இடையே பச்சை நிறப் பிளாஸ்டிக் புல்லும் அமைகின்றன. வாயில் முற்றத்தில் தொடங்கிய இவ்வழக்கம் இப்போது அடுக்களைக்குப் பின்னுள்ள புறமுற்றத்துக்கும் வந்துவிட்டது. அதிக வேலை வைக்காத முற்றம் வேண்டும் என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். அவ்விருப்பம் நியாயமானதா, கல்லும் செயற்கைப் புல்லும் அதனை எவ்வளவு நிறைவேற்றும், இரண்டையும் சேர்த்து அமைப்போர் எதைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

முதலில் நிலத்தின் இயல்பைப் பார்ப்போம். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு மக்களைப் பிரித்ததேயன்றி மண்ணைப் பிரிக்கவில்லை. அமரவிளை, இஞ்சிவிளை, களியக்காவிளை என்று இருபுறமும் ஊர்ப்பெயர்கள் ‘விளை’ என்றே முடிகின்றன. விளை என்பது தென்னையும் பலாவும் வாழையும் மரச்சீனியும் வளரும் மேட்டு நிலம். ஊருக்கு ஊர் ஏற்றமும் இறக்கமும் உண்டு. மேல்மண்ணின் அடியில் வெட்டுக்கல் எனப்படும் செம்பாறை கிடக்கிறது. பிரான்சிஸ் புக்கானன் என்பவர் மலபாரில் இக்கல்லைக் கண்டு, 1807இல் வெளியான தமது நூலில் இதனை விவரித்தார். வெட்டும்போது மென்மையாகவும் காற்றுப்பட்டபின் கடினமாகவும் ஆகும் இக்கல், துளைகள் நிறைந்தது. மழைநீர் இதனுள் எளிதில் இறங்கும். இறங்கிய நீர் தாழ்ந்த இடம் நோக்கி விரைந்து வடிந்தும் போகும். ஆகையால் மழைக்காலத்தில் நிறையும் மேட்டுக் கிணறு பங்குனி, சித்திரையில் அடி காட்டுகிறது. ஆண்டுதோறும் மண்ணுக்குள் நீர் இறங்கினால்தான் இத்தகைய கிணறு நிலைக்கும்.

இனி, வேலை குறையவேண்டும் என்ற விருப்பத்துக்கு வருவோம். மண் முற்றத்தைக் காலையும் மாலையும் வாரியலால் பெருக்கவேண்டும். பலாச் சருகை வாரவேண்டும். இரண்டு பருவமழைகளுக்கும் பின் களை பறிக்கவேண்டும். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் ஒருங்கே பெய்யும் இப்பகுதியில் களைக்கு ஓய்வே இல்லை. இவ்வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் முதுகின்மேல் விழுந்தது. இன்றோ பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலோ வெளியூர்களிலோ இருக்க, முதியோர் இருவர் மட்டும் வாழும் வீடுகள் பல. குனிந்து பெருக்க இயலாத மூதாட்டி, சேற்றில் வழுக்காமல் கிணற்றடிக்கு நடந்து செல்ல விரும்புவதைக் குறைகூற யாருக்கும் உரிமையில்லை. பழைய முற்றத்தின் அழகைப் போற்றுவோர், அதனைப் பெருக்கிய கைகளையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

செயற்கைப் புல் வீட்டுக்காகப் பிறந்த பொருளன்று. அமெரிக்காவில் ரோட் தீவு மாநிலப் பள்ளி ஒன்றில் 1964ஆம் ஆண்டு இது முதன்முதலாகப் பெரிய அளவில் விரிக்கப்பட்டது. ஹூஸ்டன் நகரில் 1965இல் திறக்கப்பட்ட கூரையிட்ட விளையாட்டரங்கில் கண்கூசாதிருக்கக் கூரைக் கண்ணாடிக்கு வண்ணம் பூசினர்; வெயில் குறைந்து உள்ளிருந்த உண்மைப் புல் பட்டுப்போகவே, 1966இல் அங்கே செயற்கைப் புல்லை இட்டனர். நம் நாட்டார் இதனை வருத்தத்தோடு அறிந்தது 1976ஆம் ஆண்டு மான்ட்ரியால் ஒலிம்பிக்கில். ஒலிம்பிக் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்ட அவ்வாண்டு, இந்திய அணி ஏழாம் இடமே பெற்றது. பிற்காலத்தில் விலை குறைந்து, இப்பொருள் வீட்டு முற்றங்களுக்கும் வந்து சேர்ந்தது.

இப்புல்லின் இழைகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீனால் ஆனவை. அவற்றை ஒரு விரிப்பில் தைத்து, அடியில் பசைப்பொருள் பூசி, நீர் வடியச் சிறு துளைகள் இடுகின்றனர். இதற்கு நீர் ஊற்றவேண்டியதில்லை, வெட்டவும் வேண்டியதில்லை. ஆயினும் உயிருள்ள புல் செய்யும் ஒரு வேலையை இதனால் செய்ய இயலாது. உயிர்ப்புல் தன் இலை வழியே நீரை ஆவியாக்குகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் செலவாகும். அவ்வெப்பம் புல்லினின்றும் சுற்றுக்காற்றினின்றும் எடுக்கப்படுவதால் தரை குளிர்கிறது. பிளாஸ்டிக் இழைக்கு இவ்வழி இல்லை. உச்சி வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியசையும் கடந்து செல்லக்கூடும். வெறுங்காலுடன் குழந்தை அதன்மேல் நிற்க முடியாது. நிழல் விழும் இடத்தில் இக்குறை பெரிதும் நீங்கும்.

வெப்பத்தினும் முக்கியமானது நீர். திருவனந்தபுரத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். இரண்டு சென்ட் பரப்புள்ள புறமுற்றம் ஏறத்தாழ 81 சதுர மீட்டர். இந்த மழையளவில் அம்முற்றத்தின்மேல் ஓராண்டில் விழும் நீர் 1,45,000 லிட்டருக்கும் மேல். ஐம்பது மில்லிமீட்டர் பெய்யும் ஒரு நாளில் மட்டும் 4,000 லிட்டர். இதில் ஒரு பகுதி ஆவியாகும், ஒரு பகுதி ஓடும், எஞ்சியது மண்ணில் இறங்கும். முற்றம் முழுவதும் சிமெண்டு கான்கிரீட் இட்டு மூடினால் இறங்கும் பங்கு இல்லாமற் போய், ஓடும் பங்கு பெருகுகிறது. மேட்டு வீட்டின் முற்றத்திலிருந்து ஓடும் நீர் பள்ளத்து வீட்டின் சுவரில் மோதுகிறது. நெடுநாள் நட்போடு வாழ்ந்த அயலார் மதிலைப் பற்றியும் ஓடையைப் பற்றியும் வழக்காடத் தொடங்குவது இவ்வாறுதான். மழைக்காலத்தில் அயலாரோடு பூசல், கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருத்தல் என்ற இரண்டும் சேர்ந்தால், வேலை குறைந்ததென்று எவ்வாறு கொள்வது?

இங்கே ஓர் உண்மையைத் தெளிவாகக் காணவேண்டும். குற்றம் கல்லினுடையதுமன்று, புல்லினுடையதுமன்று. அவற்றின் அடியில் நாம் இடுவதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது. சல்லியும் மணலும் பரப்பி அதன்மேல் இடைவெளி விட்டுப் பதித்த கல் நீரை உள்ளே விடும். அதே கல்லைக் கான்கிரீட்டின்மேல் ஒட்டிச் சந்துகளைச் சாந்தால் அடைத்தால் ஒரு துளியும் இறங்காது. செயற்கைப் புல்லின் துளைகளும் அடியில் மண்ணும் சல்லியும் இருந்தால்தான் பயன்படும். சிமெண்டுத் தளத்தின்மேல் விரித்தால் நீர் தேங்கி நாற்றம் எடுக்கும்.

ஆகவே முற்றத்தை ஒரே விதமாக மூடாமல் மூன்றாகப் பகுத்துக்கொள்வது நலம். அடுக்களை வாயில், கிணற்றடி, துணி துவைக்கும் இடம், இவற்றை இணைக்கும் நடைவழி ஆகியவை கல்லுக்கு உரியவை. பிற்பகல் நிழல் விழும் ஒரு மூலை, குழந்தைகள் அமர்ந்து விளையாடச் செயற்கைப் புல்லுக்கு உரியது. எஞ்சிய இடமும், மரத்தடியும், மதிலோரமும் மண்ணுக்கு உரியவை. மரத்தின் அடிமரத்தைச் சுற்றிக் கல்லால் இறுக்கக் கூடாது. வேருக்குக் காற்றும் நீரும் வேண்டும். பருத்து வரும் வேர் கல்லையும் பெயர்த்துவிடும்.

கல் பதிக்கும் முறை வருமாறு. மேல்மண்ணை அகற்றி, தரையை வீட்டுச் சுவரிலிருந்து வெளிநோக்கி நூறு அடிக்கு ஓர் அடி முதல் இரண்டு அடி வரை சரியுமாறு சமன் செய்யவேண்டும். அதன்மேல் சல்லியைப் பரப்பி நன்றாக இறுக்கி, ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை மணலோ பாறைப்பொடியோ இட்டுக் கல்லைப் பதிக்கவேண்டும். நடப்பதற்கும் சிறு வண்டிக்கும் 60 மில்லிமீட்டர் கனமுள்ள இன்டர்லாக் கல் போதும். சந்துகளைச் சாந்தால் பூசாமல் பொடிச்சல்லியால் நிரப்பவேண்டும். ஓரங்களில் கல் விலகாதபடி வரம்புக்கல் நடுவது இன்றியமையாதது.

செயற்கைப் புல்லுக்கும் அடித்தளம் இதுவே. மூன்று, நான்கு அங்குலம் மண்ணை எடுத்துச் சல்லியும் பாறைப்பொடியும் இட்டு இறுக்கி, களையைத் தடுத்து நீரை விடும் நெய்யாத துணி ஒன்றை விரித்து, அதன்மேல் புல்லை இடவேண்டும். பெரிய கற்பலகைகளின் நடுவே இரண்டு, மூன்று அங்குல அகலத்தில் பிளாஸ்டிக் புல்லை வெட்டிச் செருகுவது இப்போது பெருவழக்காக உள்ளது. பார்வைக்கு இது நன்று, பயனில் நன்றன்று. வெட்டிய ஓரங்களில் இழை பிரியும். ஒடுங்கிய பள்ளங்களில் சருகும் மண்ணும் தங்கி, பிளாஸ்டிக்கின் நடுவே உண்மையான களை முளைக்கும். அத்தகைய சந்துகளில் கூழாங்கல்லையோ, வெயிலில் அறுகம்புல்லையோ இட்டு, செயற்கைப் புல்லை ஒரே துண்டாக ஓரிடத்தில் விரிப்பதே தக்கது.

அடுப்பும் தணலும் இதன் அருகே கூடா. முற்றத்தில் நெல் புழுங்குதல், மரச்சீனி அவித்தல், பொங்கல் இடுதல் இன்றும் இப்பகுதியில் உண்டு. ஒரு தீப்பொறி விழுந்தாலும் இழை உருகி ஓட்டையாகும். பொங்கலடுப்புக்கு மண் தரையோ கல் தரையோ தனியே விடவேண்டும்.

பராமரிப்பே வேண்டாம் என்று விற்போர் கூறுவதை நம்பலாகாது. பலா மரம் பிளாஸ்டிக் புல் என்று அறிந்து சருகு உதிர்க்காமல் இருப்பதில்லை. வாரத்துக்கு இருமுறையேனும் பெருக்கவேண்டும். மழைக்காலத்தில் நிழலுள்ள கல்லில் பாசி படரும். அதனைத் தேய்த்துக் கழுவாவிடில் முதியோர் வழுக்கி விழுவர். சந்துச் சல்லி கரைந்து போன இடத்தில் மீண்டும் நிரப்பவேண்டும். கல் பல ஆண்டு நிற்கும். பெயர்த்து மறுபடியும் பதிக்கலாம். புல்லோ வெயிலில் நைந்து காலப்போக்கில் கழிவாகும். பலவகைப் பொருள்கள் ஒன்றாக ஒட்டியிருப்பதால் அதனை மீண்டும் பயன்படுத்துவது அரிது. விளையாட்டுத் தரைகளில் இழைகளின் நடுவே இடும் ரப்பர்த் துகள் மண்ணில் கலப்பது கண்டு, ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் அத்துகள் விற்பனையைத் தடை செய்து, மாற்றுவழி காண எட்டு ஆண்டுகள் அவகாசம் அளித்தது. வீட்டில் துகள் வேண்டுமெனில் மணலே போதும்.

கூரை நீரையும் மறத்தலாகாது. தமிழ்நாடு 2003ஆம் ஆண்டிலும் கேரளம் 2004ஆம் ஆண்டிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டட விதிகளில் சேர்த்தன. கூரையில் விழும் நீரைச் சருகு நீக்கி, சல்லியும் மணலும் கொண்ட வடிகட்டியின் வழியே கிணற்றில் விடுவது அதிகச் செலவில்லாத செயல். முற்றத்தின் ஒரு பங்கைக் கல்லுக்குக் கொடுத்தவர் இதன்மூலம் அந்தக் கடனை மண்ணுக்குத் திருப்பிச் செலுத்தலாம்.

சுருங்கக் கூறின், நடக்குமிடத்தில் கல், நிழலில் சிறிதளவு செயற்கைப் புல், மற்றெங்கும் மண் என்ற முறையில் அமைக்கும் முற்றம் முதியோருக்கும் எளிது, கிணற்றுக்கும் நல்லது. வேலைக்கு ஆள் வைத்துக் கல் பதிக்கும் நாளில், மேலே வரும் நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் பாராமல், அடியில் என்ன இடுகிறார்கள் என்பதையும் அருகில் நின்று கேட்டறிவோமாக. சித்திரை மாதத்தில் வாளி கிணற்று நீரைத் தொடுவதும் தொடாததும் பெரிதும் அதனைப் பொறுத்ததே.