தோட்டப்புறத்தில் போத்தல் பால்

மலேசியத் தோட்டப்புறத் தமிழில் 'பால்' என்னும் சொல் இருபொருள் உடையது. ஒன்று மரத்தில் சீவி எடுப்பது; மற்றொன்று மாட்டில் கறப்பது. சிலிம் ரிவர் போன்ற ரப்பர்த் தோட்ட வட்டாரங்களில் முன்னது நிறுவனத்துக்கு உரியது. பின்னதோ மாடு வளர்த்த தொழிலாளிக்கே உரியது.

1884ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த தாட்சர் என்பார் பாலுக்கெனக் கண்ணாடிப் போத்தலை அறிமுகப்படுத்தினார். அளவும் மூடியும் உறுதியாக அமைந்தமையால், பால்காரரை அறியாதவரும் பாலை நம்பி வாங்க இயன்றது. தோட்டப்புற வழக்கமோ இதனின்றும் வேறுபட்டது. மிதிவண்டியில் வாசலுக்கு வந்தவை பெரும்பாலும் பிற பானங்கள் இருந்த பழைய போத்தல்களே. அவற்றுக்குப் பால்காரரின் நாணயமே முத்திரை. காய்ச்சிப் பருகும் வழக்கமே பாதுகாப்பு. சம்பள நாளே கணக்குத் தீரும் நாள்.

டின்பாலும் பின்னர்ப் பெட்டிப்பாலும் பரவியமையும், தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது மேய்ச்சல் நிலம் அருகியமையும் இத்தொழிலை நலிவித்தன.

மரப்பாலின் அளவைத் தோட்டக் கணக்கேடுகள் நாள்தோறும் பதிந்தன. மாட்டுப்பாலின் கணக்கோ பெரும்பாலும் முதியோர் நினைவிலேயே தங்கியுள்ளது. தொழிலாளர் தமக்கென நடத்திய பொருளியலை அறிய விழைவோர், அதனை இப்பொழுதே கேட்டுப் பதிதல் வேண்டும்.